காரம் ஏறிய ரத்தம்

விழிஞ்ஞத்துக் கடற்பாறைகளில் ஒட்டிக் கிடக்கும் சிப்பி பழுப்பு நிறத்தது. வட கேரளத்தில் கல்லும்மக்காய் என்று விற்கிற பச்சைச் சிப்பி வேறு இனம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விழிஞ்ஞம் மையத்தில் இந்தப் பழுப்புச் சிப்பியைக் கயிற்றில் கட்டி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பாறையில் விளைவதை இன்றும் ஆள் முங்கித்தான் எடுக்க வேண்டும். ஆக்சிஜன் உருளை கிடையாது. முகத்தில் கண்ணாடி, பெயர்த்தெடுக்க ஒரு இரும்பு, இடுப்பில் வலைப்பை, அவ்வளவுதான். கரையேறி வலைப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். மூணு பாகம், நாலு பாகம் என்றார். அவ்வளவு நேரம் மூச்சு எப்படித் தாங்குகிறது அண்ணே என்றதற்கு, குமரிக் கரையின் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் பதில் வந்தது:

“முங்குறதுக்கு முன்னால பத்துப் பதினஞ்சு தடவ நல்லா இழுத்து இழுத்து விடணும் மக்கா. பொறவு மூச்சு கேக்காது.”

மூச்சு கேட்காது! உடலின் அமில-காரச் சமநிலை பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட இந்த இரண்டு சொற்கள் துல்லியமானவை. ஆபத்தானவையும்கூட.

மூச்சை வேகமாக இழுத்து விடுபவர், தாம் ஆக்சிஜனைச் சேமித்துக்கொள்வதாக நினைக்கிறார். உண்மையில் சேமிப்பது மிகச் சொற்பம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது. நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்ற இடமில்லை. ஆனால் ஒன்றை அவர் வெளியே தள்ளிவிடுகிறார்: கரியமில வாயு. சாதாரணமாக 40 மி.மீ. பாதரச அழுத்தத்தில் இருப்பது 20க்குக்கூட இறங்கும். கரியமில வாயு ரத்தத்தில் கார்பானிக் அமிலமாக மாறுவது. அது குறைந்தால் ரத்தம் காரமாகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24ஐ வாயு அழுத்தத்தால் பெருக்கி, பைகார்பனேட்டால் வகுத்தால், ஒரு லிட்டரில் எத்தனை நானோமோல் ஹைட்ரஜன் அயனி என்பது கிடைக்கும். இயல்பில் 24 பெருக்கல் 40 வகுத்தல் 24, அதாவது 40 நானோமோல், பி.எச். 7.40. வாயு 20 ஆகி, பைகார்பனேட்டும் கொஞ்சம் சரிந்து 20 ஆனால், அயனி 24 நானோமோல்; பி.எச். 7.62. ஆரோக்கிய எல்லை 7.35 முதல் 7.45 வரை என்பதை நினைத்தால் இது சின்ன நகர்வல்ல. காரம் ஏறிய ரத்தத்தில் ஆல்புமின் புரதம் கால்சியத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வேகமூச்சு விட்டவருக்கு விரல்நுனியும் உதடும் மரத்துக் குறுகுறுக்கின்றன.

மூச்சைக் கேட்பது யார் என்பதற்கு 1905இலேயே உடலியல் அறிஞர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் விடை சொல்லிவிட்டார்கள். இயல்பு நிலையில் மூளையை மூச்சுக்குத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, கரியமில வாயுவின் ஏற்றம். அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டு முங்குபவருக்கு எச்சரிக்கை மணியே அடிக்காது. கீழே இருக்கும்போது நீரின் அழுத்தம் ஆக்சிஜனின் அழுத்தத்தையும் தூக்கிப் பிடிக்கிறது. நாலு பாகம் ஆழத்தில் மேல்மட்டத்தைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு. ஏறி வரும்போது அந்தத் தாங்கல் நொடிகளில் விலகும். பலருக்கு நினைவு தப்புவது மேலே எட்டிவிடப்போகும் அந்தக் கடைசி ஒன்றிரண்டு மீட்டரில்தான்.

அமில-காரக் கோளாறை விளக்கும் எந்த முறையையும் இந்தப் பாறையில் நிறுத்தி உரசிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். என் அளவுகோல் ஒன்றுதான். ஒரு முறை எண்ணை அழகாக விளக்கினால் மட்டும் போதாது. அடுத்து கை எங்கே போக வேண்டும் என்று அது சொல்ல வேண்டும்.

முதலில் கடைவீதியின் முறை. ‘உடம்பு அமிலமாகிவிட்டது, காரமாக்குங்கள்’ என்று சொல்லி அல்கலைன் வாட்டர் விற்கிறார்கள். திருவனந்தபுரத்திலும் கிடைக்கிறது, நாகர்கோவிலிலும் கிடைக்கிறது. பி.எச். 9 உள்ள தூய நீர் ஒரு லிட்டரில் அமிலத்தை முறிக்கக்கூடிய ஹைட்ராக்சைடு எவ்வளவு? 0.01 மில்லிமோல். உணவிலிருந்தும் வளர்சிதை மாற்றத்திலிருந்தும் உடலில் நாள்தோறும் சேரும் நிலை அமிலம் (மூச்சில் வாயுவாக வெளியேற முடியாதது) சுமார் 70 மில்லிமோல். அதை அந்த நீரால் மட்டும் முறிக்க வேண்டுமானால் 7,000 லிட்டர் குடிக்க வேண்டும். டாங்கர் லாரி வேண்டும். போத்தலில் பைகார்பனேட் உப்பு கலந்திருந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும், ஆனால் வழியில் இரைப்பையின் அமிலம் காத்திருக்கிறது. குடித்தபின் சிறுநீரின் நிறத்தாளைக் காட்டி ‘பாருங்கள், காரமாகிவிட்டீர்கள்’ என்பார்கள். சிறுநீரின் பி.எச். மாறுவது ரத்தத்தின் பி.எச். மாறாமலிருக்கச் சிறுநீரகம் செய்யும் வேலை; வீட்டுக் குப்பை வெளியே போவதைக் காட்டி வீடு குப்பையாகிவிட்டது என்பது போன்ற வாதம் இது. ‘தி பி.எச். மிராக்கிள்’ நூலின் ஆசிரியர் ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காகக் கலிபோர்னியாவில் தண்டிக்கப்பட்டார். அந்த வழக்கை விடுங்கள். காரமே நலம் என்ற கொள்கைக்கு விழிஞ்ஞத்துப் பாறையே பதில் சொல்லிவிடுகிறது. நினைவு தப்பி மூழ்கப்போகும் சிப்பிக்காரரின் ரத்தம், முங்கும் கணத்தில், ஊரிலேயே அதிகக் காரமான ரத்தம். இதில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: சிறுநீரகம் நாள்பட்டுச் செயலிழந்து பைகார்பனேட் தாழ்ந்துபோனவர்களுக்கு மருத்துவர் சோடா மாத்திரை தருவது வேறு விஷயம், அது சிகிச்சை.

அந்த 70 மில்லிமோலுக்கு எதிரே இன்னொரு எண்ணை வைத்தால்தான் உடலின் அமைப்பு புரியும். நாம் ஒரு நாளில் உண்டாக்கும் கரியமில வாயு சுமார் 15,000 மில்லிமோல். இது முழுவதும் நுரையீரல் வழியே போகிறது. சிறுநீரகம் கவனிப்பது அந்த 70ஐத்தான். நுரையீரல் நிமிடங்களில் திருத்தும், சிறுநீரகம் நாட்களில் திருத்தும். கடலிலும் இதே பைகார்பனேட் வேதியியல்தான். ஆனால் கடலுக்கு நுரையீரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியபோது, அவற்றில் 12இல் கால்சியம் கார்பைடு இருந்தது. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவும் சுண்ணாம்புக் காரமும் தரும் பொருள். கரையில் எழுந்த பயத்தில் நியாயம் இருந்தது. நம்மைப் போல வேகமாக வெளியே தள்ள வழியில்லாத கடல், உள்ளே விழுந்ததைத் தன் தாங்கலாலும் பரப்பாலும் மட்டுமே சமாளிக்க வேண்டும்.

இனி மருத்துவர்களின் முறைகள். ரத்த அமில-காரத்தை வாசிக்க மூன்று சிந்தனைப் பள்ளிகள் உண்டு. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டை. கதை 1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் தொடங்குகிறது. போலியோ ஊரை வாரிக்கொண்டு போகிறது. பிளெக்டாம் மருத்துவமனையில் சுவாசத்தசை செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். அவர்கள் ரத்தத்தில் பைகார்பனேட் அதிகம். எனவே காரமிகை, ஏனென்று தெரியாத காரமிகை என்று மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் மட்டும் மாற்றிச் சொன்னார்: இது காரமல்ல, வெளியேற முடியாமல் தேங்கிய கரியமில வாயு, பைகார்பனேட் ஏறியிருப்பது அந்த அமிலத்தைத் தாங்கத்தான். 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு ஊட்டிக் காட்டினார். வாயு இறங்கியது, சிறுமி பிழைத்தாள். பிறகு மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து இரவும் பகலும் பை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதியாகச் சரிந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பிறப்பிடமாக அந்த வார்டைத்தான் சொல்கிறார்கள்.

எண் பொய் சொல்லவில்லை, வாசித்தவர்கள்தான் தவறினார்கள். இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அதே மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் போல் ஆஸ்ட்ரப் வழியாக, அவருக்குப் பின் சிகார்ட்-ஆண்டர்சன் கையில் உருவான ‘பேஸ் எக்ஸெஸ்’ என்ற எண், அந்தத் தவறையே புதிய உடையில் திரும்பக் கொண்டுவர முடியும். இன்று எந்த ரத்த வாயு எந்திரமும் அச்சிட்டுத் தரும் எண் அது: மூச்சின் பங்கைக் கழித்துவிட்டால் உடலில் காரம் எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு. பூஜ்யம் என்றால் நலம். அறுவை அரங்கில், விபத்துப் பிரிவில், ரத்தம் இழந்தவர் தேறுகிறாரா சரிகிறாரா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான கருவி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது வருஷம் பீடி இழுத்து நுரையீரல் கெட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். கரியமில வாயு 60, மாதக்கணக்கில் சிறுநீரகம் ஈடுகட்டிச் சேர்த்த பைகார்பனேட் 32. எந்திரம் கூட்டல் குறியோடு பேஸ் எக்ஸெஸ் அச்சிடும். புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் ‘காரமிகை’ என்று எழுதுவார். இது 1952இன் அதே வாசிப்பு. இந்தக் கோபன்ஹேகன் பள்ளியார், பேஸ் எக்ஸெஸை வாயு அழுத்தத்தோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும், அதற்கு விதிகள் இருக்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் மூச்சைக் கழித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் எண்ணை மூச்சோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டுமென்றால், கழித்ததால் வந்த லாபம் என்ன?

பாஸ்டன் பள்ளி இதே கேள்வியைத்தான் கேட்டது. 1963இல் ஷுவார்ட்சும் ரெல்மனும் எழுதிய விமர்சனம், அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கும் இடையே பெரிய விவாதத்தை மூட்டிவிட்டது. அவர்கள் சொன்னது: புதிய எண் வேண்டாம், பி.எச்., கரியமில வாயு, பைகார்பனேட் மூன்றையும் பாருங்கள். ஒன்று கெட்டால் மற்றது எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதை நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொள்ளுங்கள். 1967இல் வந்த விண்டர்சின் சூத்திரம் அப்படிப்பட்டது. வளர்சிதை அமிலமிகையில், பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினால் வருவதுதான் இருக்க வேண்டிய வாயு அழுத்தம். இரண்டு மேலே கீழே போகலாம். அதைவிட அதிகமாக இருந்தால் மூச்சும் தோற்கிறது என்று பொருள். இதோடு ஆனயான் இடைவெளி: சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் 8 முதல் 12 வரை வர வேண்டும். அதிகமானால் லாக்டேட், கீட்டோன், சிறுநீரகக் கழிவு, நஞ்சு என ஏதோ ஓர் அமிலம் ஒளிந்திருக்கிறது.

ஒரு கற்பனை நோயாளியை இங்கே படுக்கவைக்கிறேன். பி.எச். 7.40, வாயு 40, பைகார்பனேட் 24. பாடப்புத்தகம் போன்ற எண்கள். பேஸ் எக்ஸெஸ் பூஜ்யம். ஆனால் சோடியம் 140, குளோரைடு 95. கழித்துப் பார்த்தால் இடைவெளி 21. சிறுநீரகம் செயலிழந்து அமிலம் சேர்ந்துகொண்டிருக்கிறது; கூடவே ஓயாத வாந்தி, இரைப்பை அமிலத்தை வெளியே கொட்டி ரத்தத்தைக் காரப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சமமாக இழுத்ததில் முள் நடுவில் நிற்கிறது. ஒரு நோயும் இல்லாதவரைப் போலத் தெரிபவருக்கு இரண்டு நோய். இதைப் பிடிக்க ஒரு கழித்தல் போதும் என்பது பாஸ்டனின் வெற்றி.

தோல்வியும் உண்டு, அதை மூடிவைக்கக் கூடாது. வாரக்கணக்கில் மெலிந்து படுத்திருக்கும் ஒருவர்: சோடியம் 140, குளோரைடு 108, பைகார்பனேட் 20. இடைவெளி 12, இயல்புதான். ஆனால் அவருடைய ஆல்புமின் 4 கிராமிலிருந்து 2 கிராமாக இறங்கியிருக்கிறது. ஆல்புமினும் எதிர்மின் சுமப்பதுதான். ஒரு கிராம் குறைந்தால் இடைவெளியில் 2.5 கூட்ட வேண்டும். கூட்டினால் 17. பழைய பாஸ்டன் முறை இந்த ஒளிந்த அமிலத்தைத் தவறவிட்டிருக்கும்.

இந்தக் கண்ணைத் திறந்தது மூன்றாம் பள்ளி. கனடியரான பீட்டர் ஸ்டூவர்ட் 1981இல் ஒரு சிறு நூல் எழுதினார். தலைப்பே அமில-காரத்தைப் புரிந்துகொள்வது எப்படி என்பதுதான். அவர் வாதம் தடாலடியானது. ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் காரணங்களல்ல, விளைவுகள். காரணங்கள் மூன்று: கரியமில வாயு, ஆல்புமின் போன்ற வலுவற்ற அமிலங்களின் மொத்தம், சோடியம் முதலிய வலுவான நேரயனிகளுக்கும் குளோரைடு முதலிய எதிரயனிகளுக்கும் இடையிலான வித்தியாசம். இந்த மூன்றாவது, ஆரோக்கிய ரத்தத்தில் சுமார் 40.

இதன் அழகு தெரிய வேண்டுமானால் வார்டில் தொங்கும் நார்மல் சலைன் புட்டியைப் பாருங்கள். சோடியம் 154, குளோரைடு 154. வித்தியாசம் பூஜ்யம். லிட்டர் லிட்டராக அதை ஏற்றினால் ரத்தத்தின் 40 குறுகுகிறது, பி.எச். சரிகிறது. அமிலமே இல்லாத உப்புநீர் ஏன் ரத்தத்தை அமிலமாக்குகிறது என்பதை ஒரே வரியில் சொன்னவர் ஸ்டூவர்ட். ரிங்கர் லாக்டேட்டில் குளோரைடு சுமார் 109தான். லாக்டேட்டைக் கல்லீரல் எரித்துவிட, வித்தியாசம் மிஞ்சுகிறது. வாந்தியெடுத்துக் குளோரைடு இழந்தவரின் காரமிகை ஏன் அதே சலைனில் குணமாகிறது என்பதற்கும் இதே விடை.

ஆனால் ‘விளக்குகிறது’ என்பதிலிருந்து ‘இதுவே காரணம்’ என்பதற்குத் தாவும் இடத்தில் நான் ஸ்டூவர்ட்டை விட்டுப் பிரிகிறேன். சமன்பாட்டில் எதை இடது பக்கம் வைக்கிறோம் என்பது கணக்குப் போடுபவரின் வசதி; சிறுநீரகக் குழலின் செல் அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை. அது புரோட்டானைத் தள்ளுகிறது, பைகார்பனேட்டை மீட்கிறது. மின்சமநிலைக்காகக் குளோரைடும் நகர்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தது என்று சொன்னாலும், சோடியம் இல்லாமல் குளோரைடு சேர்ந்தது என்று சொன்னாலும் நடந்தது ஒன்றே. நடைமுறைச் சிக்கல் வேறு. ஐந்தாறு அளவுகளைக் கூட்டிக் கழித்து ஒரு எண் எடுக்கும்போது ஒவ்வொரு அளவின் பிழையும் அதில் வந்து சேரும். சோடியத்தில் 2, குளோரைடில் 2 தவறினாலே முடிவு நோய்க்கும் நலத்துக்கும் நடுவே ஆடும்.

சலைன் ஆபத்தா என்ற கேள்விக்கும் சமன்பாடு விடை தராது, நோயாளிகள்தான் தர வேண்டும். 2018இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் 15,802 பேர்: சலைன் பெற்றவர்களில் 15.4 சதவீதத்தினருக்கும், ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவம் பெற்றவர்களில் 14.3 சதவீதத்தினருக்கும் மரணமோ கடும் சிறுநீரகப் பாதிப்போ நேர்ந்தது. 2022இல் பிளஸ் ஆய்வு, 5,037 பேர்: 90 நாள் இறப்பு சமநிலைத் திரவத்தில் 21.8, சலைனில் 22.0. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். பி.எச். சரிவதை ஸ்டூவர்ட் சரியாக முன்னறிவித்தார். அந்தச் சரிவின் விலை அவர் சீடர்கள் அஞ்சிய அளவு இல்லை.

ஆகவே என் தீர்ப்பு: படுக்கையருகில் பாஸ்டன், ஆல்புமின் திருத்தத்தோடு. அந்தத் திருத்தம் இல்லாத பாஸ்டன் அரைக் கண். ஸ்டூவர்ட் வகுப்பறைக்கும், எந்தத் திரவம் ஏற்றுவது என்று யோசிக்கும் நேரத்துக்கும். பேஸ் எக்ஸெஸ், ஏறுகிறதா இறங்குகிறதா என்று மணிக்கணக்கில் பார்க்க மட்டும். அதை வைத்து நோயின் பெயர் எழுதக் கூடாது. கடைவீதி முறைக்கு இடமில்லை.

பாறைக்குத் திரும்பி இதைச் சோதிக்கிறேன். இழுத்து இழுத்து மூச்சு விட்டு முங்கிய ஒருவரை நினைவின்றித் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கரையில் முதல் வேலை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டுவது. எந்தக் கணக்கும் தேவையில்லை. மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தில் வாயு 60, பைகார்பனேட் 16. கணக்கின்படி 90 நானோமோல், பி.எச். 7.05. பேஸ் எக்ஸெஸ் கழித்தல் 13 என்று கத்தும்; அதை மட்டும் பார்த்தவரின் கை சோடியம் பைகார்பனேட்டைத் தேடும். ஸ்டூவர்ட் முறையில் போட்டால் லாக்டேட் கூடியிருப்பது தெரியும், சரிதான். விண்டர்சின் சூத்திரம் சொல்வது: 16க்கு இருக்க வேண்டிய வாயு 32, இருப்பது 60. தசைகள் ஆக்சிஜனின்றிப் புளித்தது ஒரு நோய். அதைவிட அவசரமானது மூச்சு. மூச்சு விட முடியாதவருக்கு பைகார்பனேட் ஊற்றினால் அது அமிலத்தோடு சேர்ந்து மேலும் கரியமில வாயுவாகத்தான் மாறும், போக வழியில்லாத வாயு. கை போக வேண்டிய இடம் ரப்பர் பை. முங்கும்முன் 20க்கு இறங்கியிருந்த வாயு இப்போது 60இல் நிற்கிறது. மூச்சு இப்போதுதான் கேட்கிறது, கேட்கும் நிலையில் அவர் இல்லை.